எழுதியவன் பெயர் வைப்பாறன்

ஜூலை 9, செவ்வாய்
நான் எழுதிய கதை பத்திரிகையில் வந்துவிட்டது. ரோஜா என்ற என் பெயரில் இல்லை. 'வைப்பாறன்' என்ற பெயரில். சாத்தூர் பஸ் ஸ்டாண்டு கடையில் நின்றபடியே வாசித்தேன்.

கல்லூரியில் படித்தபோது ஆங்கில வகுப்பில் சொன்னார்கள்: ஆங்கிலேயப் பெண்கள் சிலர் முதலில் ஆண் பெயரில்தான் எழுதினார்களாம். அப்போதுதான் மதித்துப் படிப்பார்கள் என்று. எனக்கு மதிப்பெல்லாம் வேண்டாம். அம்மாவும் நானும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் இருக்கிறோம். கதையும் அதைப் பற்றித்தான். பெயர் தெரிந்தால் இருவர் வேலையும் போகும்.

ஜூலை 11
அம்மா உலை வைக்கும்போது சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஜூலை 15
முதலாளி மகன் முத்துக்கிருஷ்ணன் பத்திரிகையும் கையுமாக எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். "தீபாவளி சீசன்ல ஒரே ரூம்ல ஆளை அடைக்கிறோம்னு எழுதியிருக்கான். இது நம்ம கம்பெனிதான். எழுதுனவன் இங்கனதான் நிக்கிறான்."

எழுதுனவன்! ஆண்களை மட்டும் முறைத்துப் பார்த்தார். பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் பாலகுரு அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தவர். சாப்பாட்டு நேரத்தில் பத்திரிகை வாசிப்பார் — அவ்வளவுதான். கேட்டில் என்னைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "ஒதுங்க இடமில்லன்னு பொம்பளையாளுக தண்ணி குடிக்காம கெடக்குறத எந்த ஆம்பளை எழுதுவான்? இங்க காலேஜ் படிச்சவ நீ. எழுதுனது நீதான தாயி. நான் வாயத் தெறக்க மாட்டேன். நீ எழுது."

நான் ஏன் பேசவில்லை?

ஜூலை 28
எந்தக் கம்பெனியும் பாலகுரு அண்ணனைச் சேர்க்கவில்லையாம். வெம்பக்கோட்டைப் பக்கம் லைசென்ஸ் இல்லாத தகரக் கொட்டகை ஒன்றில் வெடி செய்யப் போகிறாராம். எழுதியது நான்தான் என்று நாளைக்கு முதலாளி மகனிடம் சொல்லிவிட வேண்டும். கட்டாயம் நாளைக்கு.

ஆகஸ்ட் 3
சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14
கொட்டகை வெடிச்சிருச்சு. பாலகுரு அண்ணன் போயிட்டாரு. என்னாலதான — நான் வாய மூடிட்டு நின்னதாலதான —

ஆகஸ்ட் 17
அண்ணன் மனைவி சின்னத்தாய் அக்கா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"எழுதுனதுக்கு ஒன்னைய வைய மாட்டேன். அன்னைக்கு மரத்தடியில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"



"எந்திரிச்சுப் போ" என்றாள்.

அங்கிருந்து நேரே கம்பெனி ஆபீஸ். "எழுதினது நான்தான்" என்றேன். முத்துக்கிருஷ்ணன் சிரித்தார். "செத்தவனுக்காகப் பொய் சொல்றியாக்கும்? போ, போய் லேபிள் ஒட்டுற வேலையப் பாரு."

நம்பவே இல்லை. ஆண் பெயர் போட்டு நானே பூட்டிய பூட்டு, இப்போது என்னாலேயே திறக்க முடியவில்லை.

செப்டம்பர் 1
பாலகுரு அண்ணனைப் பற்றி எழுதி முடித்தேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் கதையும் நான் எழுதியதுதான், இதனால் இருவர் வேலையும் போகும் என்றும் சொன்னேன். அம்மா "இந்தத் தடவ ஒம் பேரையே போடு" என்றாள்.

செப்டம்பர் 5
பத்திரிகை ஆசிரியர் போனில் தயங்கினார். "வைப்பாறன்னு போட்டா வாசகர்களுக்குத் தெரியும்மா. முதல் கதைக்கே நல்ல பேரு."

"அந்தப் பேரு வேண்டாம் சார். ரோஜான்னு போடுங்க. ஊர்ப் பேரையும் சேத்துப் போடுங்க."

செப்டம்பர் 24
நேற்று இதழ் வந்தது. அச்சில் இருந்த என் பெயரை அம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். சின்னத்தாய் அக்கா வீட்டு வாசலில் ஒரு பிரதியை வைத்துவிட்டு வந்தேன். கதவு திறக்கவில்லை.

இன்று காலை அம்மாவும் நானும் தூக்குவாளியோடு ரோட்டில் நின்றோம். தினமும் எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் வந்தது. டிரைவர் எங்களைப் பார்த்தார். வேன் நிற்காமல் போனது.