ஏழு மணி விளக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் கை பழகியிருக்கிறது, அது எவ்வளவு உண்மை என்பதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு அம்மா ஏன் காகிதத்தைத் தேடினாள் என்று யோசிப்பாய். உன் அப்பாவுக்குக் காது மந்தமானதிலிருந்து போனை ஊருக்கே கேட்கும்படி வைத்துத்தான் பேசுகிறோம், அவர் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாத சங்கதி இது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் போனிலிருந்து ஒரு தடவை உன் எண்ணை அழுத்தினேன், உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். அது யார் என்று நீயும் திருப்பிக் கேட்கவில்லை.

இங்கே மின்கம்பங்கள் இன்னும் பாலத்தோடு நின்றுபோயிருக்கின்றன. நீ போட்டுக் கொடுத்த சூரியவிளக்குப் பெட்டியைப் பார்த்து நம் தெருவில் மட்டும் பதினோரு வீட்டில் வாங்கிவிட்டார்கள். மருத்துவ அறையிலும் ஒன்று வந்திருக்கிறது, நர்சம்மா சின்ன ஃபிரிட்ஜில் தடுப்பூசி வைத்திருக்கிறார், பிரசவத்துக்கு இனி யாரும் டார்ச் பிடிக்க வேண்டாம். எல்லாரும் வாரத்துக்கு ஒருமுறை போனில் பணம் கட்டுகிறார்கள், பெட்டிக்குள் இருக்கும் சிம்முக்குத் தகவல் வந்து விளக்கு எரிகிறது. நமக்கு நீ கடல்தாண்டி அங்கிருந்தே கட்டுகிறாய் என்பதைத் தையல்காரர் மனைவியால் இன்னும் நம்ப முடியவில்லை, உங்கள் பையன் அங்கே தும்மினால் இங்கே விளக்கு அணையுமா என்று கேட்டாள். அணைந்தாலும் அணையும் என்றேன்.

எந்த விளக்கு எத்தனை மணிக்கு எரிந்தது என்பதெல்லாம் உன் போனில் கோடு கோடாகத் தெரியும் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் அப்பா மாறிவிட்டார். வீட்டுக்கு மாமியார் வந்து உட்கார்ந்ததுபோல ஒரு ஒழுங்கு. ஏழு மணிக்கு முன்அறை விளக்கு, ஏழரைக்கு ரேடியோ, ஒன்பதுக்கு எல்லாம் அணைய வேண்டும். ஒருநாள் நான் பத்து மணி வரை துணி மடித்துக்கொண்டிருந்தேன், பையன் என்ன நினைப்பான் என்று சத்தம் போட்டார். மழைக்காலத்தில் இரண்டு நாள் விளக்கு எரியாதபோது, நாங்கள் யாருக்கும் சொல்லாமலே பெட்டி மெக்கானிக் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். நீ அங்கிருந்தே பார்த்துக் கம்பெனிக்குச் சொன்னாயாம். கூரை மேல் ஏறி, வெயில் வாங்கும் பலகையில் இருந்த காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டுப் போனான். உன் அப்பா இதை ஒரு மாதம் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது, வீடு இருட்டாகத் தெரிந்தால் பிள்ளை முதலில் எங்களை அல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும். அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பன்னிரண்டாம் தேதி காலையில் அந்தப் பலகையைத் துடைக்க ஏணியில் ஏறிய உன் அப்பா பாதியிலேயே இறங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நர்சம்மா வந்து பார்த்து உடனே டவுனுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வண்டியில் படுக்க வைத்திருக்கிறோம், முகத்தில் ரத்தமில்லை, அந்த நிலையிலும் தையல்காரரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துச் சொன்னார்: "ஏழு மணிக்கு மறக்காம விளக்கப் போட்டுடுங்க. இருட்டா இருந்தா பையன் பயந்துடுவான்." தையல்காரர் அளவு பிசகாத மனிதர், நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் விளக்கு, ரேடியோ எல்லாம் அந்தந்த நேரத்துக்குப் போட்டு அணைத்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், ஒரு பல்பை வைத்து மறைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நீ பேசினாய். விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறது, பார்த்தேன், நிம்மதியாக இருக்கிறது என்றாய். கையில் குளுக்கோஸ் ஏறப் படுத்திருந்தவர், ஆமாம், இப்போதுதான் சாப்பிட்டோம் என்றார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டு ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதாம். இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். உன் அப்பா பிடிகொடுக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் வேலையைப் பாதியில் விட்டு வந்துவிடுவாயாம், ஒப்பந்தம் முடிய எட்டு மாதம்தானே, அதுவரை மாத்திரையில் ஓட்டிவிடலாம் என்கிறார். தெருமுனைக் குழாய்க்குப் போய்வர மூன்று இடத்தில் நிற்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொல்லி அவர் கேட்டது முப்பது வருஷத்தில் ஒன்றிரண்டு இருக்கும், நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்த அன்றே பேசு. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நேராகச் சொல், கோபப்படாதே. வர முடிந்தால் வா, முடியாவிட்டால் அவர் தலையசைக்கும்வரை பேசு.

வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே. இரும்புப் படியில் ஏறும்போது வேறு யோசனை வேண்டாம். உனக்கு நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் வாய்க்க வேண்டும், அம்மாவுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். இருபத்துமூன்றாம் தேதி விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இந்தத் தடவை வீட்டைப் பூட்டிச் சாவியை என் இடுப்பிலேயே செருகிக்கொள்வேன், தையல்காரரிடம் கொடுக்க மாட்டேன். அன்றைக்கு ஏழு மணிக்கு உன் போனில் நம் வீடு இருட்டாகத் தெரிந்தால் மெக்கானிக்கை அனுப்பாதே, நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். விளக்கு எரிந்தால்தான் நீ பயப்பட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா