மஞ்சள் நூல் கட்டிய பருத்தி மொட்டுகள்

என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டதால் மட்டும் எனக்கு மதினியான பாக்கியம் என்பவளுக்கு,

நீ இருந்தவரை "நீங்க" என்றுதான் கூப்பிட்டேன், அண்ணன் முகத்துக்காக. இனி அது கிடையாது. உன் வருஷத் திவசத்தில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததில் பிழை இருக்காது.

முதலில் உனக்கு ஒரு செய்தி. திகனைக்குக் கீழே ஆற்றோரம் வெள்ளைக்காரத் துரை வைத்திருந்த பருத்தி ஆராய்ச்சித் தோட்டம் இப்போது இல்லை. அந்த நிலத்தில் மாட்டுக்குப் புல் வளர்கிறது. இந்த மழைக்குப் பருத்தி சரிப்படாது என்று விதையையெல்லாம் வெயில் காயும் தெற்குப் பக்கம் கொண்டுபோய்விட்டார்களாம். சீமை மில்லுக்கு ஏற்ற நீள இழைப் பருத்தி எது என்று பார்க்கத்தான் நம்மையெல்லாம் கூலிக்கு வைத்தார்கள். அங்கே நீ ராணியாக இருந்தாய்.

வரிசைக்கு ஒரு சாதிப் பருத்தி. தேனீ ஒரு சாதியின் பூந்தூளை மற்றதில் ஒட்டிவிட்டால் விதை கலந்துபோகும். அதனால் மறுநாள் விரியப்போகும் மொட்டை முதல் நாள் சாயங்காலமே பார்த்து, அதன் வாயை நூலால் கட்டிவிட வேண்டும். கட்டிய மொட்டில் காய்த்த காய்தான் விதைக்கு. அந்த வேலைக்குப் பொம்பளை விரல்தான் வேண்டும் என்று துரை சொன்னார். நானும் நீயும் அடுத்தடுத்த வரிசையில் நின்று கட்டினோம், ஞாபகம் இருக்கிறதா?

வெள்ளை நூல் பஞ்சோடு பஞ்சாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அதை மஞ்சளில் தோய்க்கச் சொன்னது நீ. துரைக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் நூல் மஞ்சளான நாளிலிருந்து உனக்கு அது வேறாகிவிட்டது. பருவம் தொடங்கும்போது சூடம் கொளுத்தினாய், தேங்காய் உடைத்தாய். முதல் மொட்டைச் சுமங்கலிதான் கட்ட வேண்டும் என்றாய். துரை தன் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது என் புருஷன் உயிரோடு இருந்தார்.

அவரைக் காய்ச்சல் கொண்டுபோனது. காரியம் முடிந்து நான் வேலைக்கு வந்த சாயங்காலம், என் மடியிலிருந்த நூல் உருண்டையை நீ கையை நீட்டி எடுத்தாய். கேட்டுக்கூட எடுக்கவில்லை.

"நீ பூச்சி பொறுக்கப் போ, செல்லாயி."

"ஏன் மதினி, மொட்டுக்குத் தெரியுமா இது யார் கைன்னு?"

"மொட்டுக்குத் தெரியாது. பாக்குற நாலு பேருக்குத் தெரியும்ல. மஞ்ச நூலு இது. எங்க புருஷமாருக நல்லாருக்க வேணாமா?"

பக்கத்து வரிசை மாரியாயி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "இவ பூச்சி புடிச்சா பூச்சி பொண்டாட்டியும் தாலியறுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அவளை அதட்டவும் இல்லை.

அன்றிலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றிய தகரப் பேணியோடு இலை இலையாகச் சிவப்புப் பூச்சி பிடித்தேன். அந்த நாற்றத்தில் என் பிள்ளை என் மடியில் படுக்க மாட்டாள். பொறுத்துக்கொண்டேன். கூலிக்காரர் லயத்தில் ஓர் அறை இருந்தது, வேலை இருந்தது, அது போதும் என்று இருந்தேன். அதையும் நீ விட்டுவைத்தாயா?

ஒரு நாள் ஆள் குறைவு. பேர் பதிகிற கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு ஒரு வரிசை கட்டச் சொன்னார். கட்டினேன். பிறகு அடைமழை பிடித்தது. விடாமல் பெய்து, கட்டிய மொட்டெல்லாம் நூலோடு உதிர்ந்து சேற்றில் கிடந்தது. துரை வந்து பார்த்துவிட்டு என்ன காரணம் என்று கேட்டார். கிளாக்கர் உன்னைக் கேட்டார்.

"அன்னைக்கு இவ கட்டுனாங்கய்யா," என்றாய்.

உன் வரிசையும்தானே உதிர்ந்தது, மதினி? மாரியாயி வரிசையும்தானே? அதற்கெல்லாம் எந்த விதவை கை வைத்தாள்? கிளாக்கர் இதைத் துரைக்கு எப்படிச் சொன்னாரோ, நான் நூலை இறுக்கிக் கட்டிக் கெடுத்துவிட்டேன் என்று ஆகிவிட்டது. மறுநாள் எனக்குப் பேர் போடவில்லை; வேலையோடு லயத்து அறையும் போயிற்று. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனை ஒட்டிய மஹய்யாவுக்கு நடந்தேன். அங்கே ஒரு கடைக்கு மாவிடித்துத்தான் அவளை வளர்த்தேன். இன்று அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீ பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாய். கொடுத்துவைத்தவள் என்று ஊர் சொன்னது. இருக்கட்டும்.

இப்போது நீ கேட்க விரும்பாத செய்தி. பன்விலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தாயே, உன் மகள் ராசம்மா, அவள் புருஷன் போன மாதம் செத்துவிட்டான். அவள் உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தை பிறந்ததும் உன் மகனுக்குக் கலியாணம். கலியாண வீட்டில் அவள் முன்னே வரக்கூடாது என்று அடுப்படிக்குப் பின்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

"நான் உள்ளயே இருந்துக்கிறேன் அத்தை. அம்மா இருந்தாலும் இதத்தான் சொல்லிருக்கும்."

"சொல்லிருப்பா. கலியாணத்துக்கு மட்டுமில்ல, ஒரு வேல வெட்டிக்குக்கூட உன்ன விட்டிருக்க மாட்டா. எந்திரி, வெளிய வா."

"ஊர் பேசுமே அத்தை."

"பேசட்டும். பேசுனவள்ல பாதிப் பேரு செத்துட்டாளுக."

அழுதுகொண்டே சிரித்தாள். சிரிக்கும்போது உன் மாதிரியே இருக்கிறாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தேன். அண்ணன் பார்த்தார். இந்தத் தடவையும் வெற்றிலைக்குச் சுண்ணாம்புதான் தடவினார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உனக்கு இரங்கி இதைச் செய்யவில்லை. உன் பேச்சு இன்னொரு தடவை இந்தக் குடும்பத்தில் ஜெயிக்கக் கூடாது. அதற்காகத்தான் செய்கிறேன். கலியாணப் பந்தலில் பாய் விரித்ததும் முதல் ஆளாக ராசம்மாவை உட்கார வைப்பேன், பக்கத்தில் நான் உட்காருவேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகட்டும். மாப்பிள்ளையாக உன் மகன் கும்பிட்டு விழும்போது உன் இடத்தில் அவள் நின்று ஆசீர்வாதம் பண்ணுவாள். இது சத்தியம்.

உன் புருஷனின் உடன்பிறந்தவள்,
உன் மகளுக்கு அத்தை,
செல்லாயி