நீ மாற்றிவிட்ட வரி

ஹெல்லேய், 3 அக்டோபர் 2008

அன்புத் தம்பி ஸ்டைனர்,

நலந்தானே? இங்கே விடாத மழை. மின்னஞ்சல் போட்டால் காபி ஆறுவதற்குள் பதில் அடித்துவிடுவாய். நீ யோசித்து எழுதவேண்டும் என்றுதான் தாளில் எழுதுகிறேன்.

பயணப் படகு ஓட்டும் ஒட்வார் குடித்துவிட்டுத் துறையில் மோதினார் என்று உன் வலைப்பூவில் படித்தேன். இந்தத் தீவில் அதைப் படிக்கிறவள் நான் ஒருத்திதான். நீ விசாரிக்காமல் எழுதமாட்டாய் என்று நம்பி, எங்கள் பத்திரிகையில் அப்படியே போட்டேன். அச்சாகி வந்த காலையில் உன் பக்கத்தைப் பார்த்தால் "குடித்துவிட்டு" என்பதையே காணோம். அவருக்குச் சர்க்கரை குறைந்து மயக்கம் வந்ததாம். கடையில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உன் அக்கா,
இங்குன்

பெர்கன், 8 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

தாளில் எழுதி விரல் வலிக்கிறது, பழி உன்மேல்தான். தப்பென்று தெரிந்ததுமே மாற்றிவிட்டேனே. அச்சடித்ததை உங்களால் மாற்ற முடியாவிட்டால் நான் என்ன செய்ய? "தவறாக எழுதிவிட்டேன்" என்று மேலே போடச் சொல்வாய். போட்டால், நகராட்சி ஊழலைப் பற்றி நான் எழுதியதையும் எவனும் நம்பமாட்டான். கொஞ்சம் பொறு, மறந்துவிடுவார்கள்.

ஸ்டைனர்

ஹெல்லேய், 29 அக்டோபர்

தம்பி,

ஒட்வார் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. "உங்கிட்ட யாரும்மா சொன்னது? பேரை மட்டும் சொல்லு, போதும்" என்றார். பத்திரிகை ஆசிரியரும் அதையேதான் கேட்டார். சொன்னவரைக் காட்டிக்கொடுப்பது எங்கள் தொழிலில் இல்லை என்றேன். நீ என் தம்பி என்பதுதான் நிஜமான காரணம்.

திருத்தம் முதல் பக்கத்தில் என் பெயரோடு வந்தது. இப்போது விளம்பரப் பகுதியில் உட்கார்ந்து சாவு அறிவிப்பு வாங்குகிறேன்.

நேற்று உன் வலைப்பூவைத் திறந்தேன். அந்தத் திருத்தத்தையே படம்பிடித்துப் போட்டு, "பத்திரிகைக்காரங்க எதையாவது விசாரிச்சுட்டா எழுதுறாங்க?" என்று கேலி செய்திருக்கிறாய். கீழே ஒரு கூட்டமே சிரிக்கிறது. என் பெயரை மட்டும் கறுப்படித்து மறைத்திருக்கிறாய். அதை அன்பு என்று நினைத்தாய் போலும். பார்த்ததும் அழுதுவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. ஆட்டு விலா வேகவைக்கிறேன், நீ இல்லாமல் எனக்கு இறங்காது. ஆனால் வந்த இடத்தில் யாரைப் பற்றியும் என்னிடம் எதுவும் சொல்லாதே. நீ சொன்னால் நம்பிவிடும் பழக்கத்தை விட முயன்றுகொண்டிருக்கிறேன்.

இங்குன்