கித்தான் பைக்குள் இருந்த துப்பாக்கி

விளாங்குடி,
மதுரை.
19.7.1982

அன்புள்ள மாப்பிள்ளை நல்லகாமனுக்கு,

முத்திருளன் எழுதுவது. அசாமில் மழை அதிகம் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நீ இருக்கும் பட்டாள முகாமுக்குத் தொல்லை ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே உன் அக்காவும் நானும் இருக்கிறோம்.

உன் தம்பி சங்கிலிக்குக் கருமாதி முடிந்தது. தகவல் வந்தும் உன்னால் உடனே கிளம்பி வர முடியவில்லை என்பதை எழுமலையில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். உன் அம்மாதான் அடிக்கடி வாசலைப் பார்க்கிறார். மண்வெட்டியால் அடித்த பேயாண்டி ஜாமீனில் வந்துவிட்டான் என்று நீ கேள்விப்பட்டது உண்மைதான். உசிலம்பட்டியில் தன் மாமனார் வீட்டில் இருக்கிறான். ஊருக்குள் வரவில்லை.

அடுத்த மாதம் லீவில் வருவதாகவும், என் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டு வைக்கும்படியும் எழுதியிருந்தாய். எதற்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கடிதத்தை உன் அக்கா அன்னக்கொடி கண்ணில் படாமல் கிழித்துப் போட்டேன். இந்தக் கடிதத்தையும் வேலை பார்க்கும் மரக்கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

போலீசிடமும் உன் அக்காவிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. படித்து முடித்த பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

பட்டாளத்திலிருந்து வந்ததும் லைசென்ஸ் எடுத்து, இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கி, பாங்கில் காவலுக்குச் சேர்ந்தேன் அல்லவா? அதற்குக் கோரிப்பாளையம் தர்கா பக்கத்துத் தையல்காரரிடம் கித்தான் பை ஒன்று தைத்து வாங்கியிருந்தேன். உள்ளே கம்பளித் துணி. குழலுக்கு ஓர் அறை, கட்டைக்கு ஓர் அறை. தோட்டாக்கள் தனியாகத் தகரப் பெட்டியில் என் இடுப்போடு இருக்கும். எட்டு வருஷமாக வீட்டிலிருந்து பாங்குக்கு அப்படித்தான் பஸ்ஸில் போய் வந்தேன். கண்டக்டர் கேட்டால் லைசென்ஸைக் காட்டுவேன். பையின் நீளத்தைப் பார்த்து, “எந்த ஊரு கச்சேரிக்குண்ணே நாயனம் போகுது?” என்று கேட்டவர்களும் உண்டு. வழியில் ஒரு நாள்கூட அதைத் திறந்ததில்லை.

அன்றைக்கு, லைசென்ஸ் முதலில் எடுத்த உசிலம்பட்டி தாலுகா ஆபீசில் அதைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். துப்பாக்கியைக் காட்ட வேண்டும் என்பதால் கையோடு கொண்டுபோனேன். வேலை பகலிலேயே முடிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, மாமியார் வீட்டை எட்டிப் பார்ப்போம் என்று எழுமலைக்குப் பஸ் ஏறினேன். சங்கிலி தோட்டத்தில் இருப்பதாக உன் அம்மா சொன்னார். பையை வீட்டில் வைக்க மனமில்லை. தோளில் மாட்டியபடியே நடந்தேன்.

பங்குக் கிணற்றடியில் சத்தம் கேட்டது. கரண்டு நாலு மணி நேரம்தான் வருகிறது. அதில் இரண்டு மணி நேரம் பேயாண்டியின் முறை. நடுவில் கரண்டு நின்றுபோனதால் தன் முறை முடியவில்லை என்கிறான் அவன். சங்கிலி மோட்டார் கொட்டகை வாசலை மறித்து நின்றான். வாய்ச்சண்டைதான். என்னைப் பார்த்ததும் சங்கிலி, “மச்சான், துப்பாக்கிய வெளிய எடுங்க. இவனுக்கு அப்பத்தான் புத்தி வரும்” என்றான். பயமுறுத்தத்தான் சொன்னான்.

நேரம் இல்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை, நேரம் இருந்தது. குழலையும் கட்டையையும் நான் இருட்டில்கூட மாட்டுவேன். இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும். கை பையின் வார்ப்பூட்டுக்குப் போகவும் செய்தது. வெளியே எடுத்தால் யாராவது ஒருவர் சாவார்கள் என்று தோன்றியது. லைசென்ஸ் போய்விடும், வேலை போய்விடும் என்றும் தோன்றியது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பையைத் திறக்கவில்லை. பேயாண்டி மண்வெட்டியைத் தூக்கவும் விலக்கிவிட ஓடினேன். அப்போதும் வலது கை பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு கையால்தான் பேயாண்டியின் தோளைப் பிடித்தேன். ஒரு கைக்கு அவன் அடங்கவில்லை.

அடிபட்டு விழுந்த சங்கிலி என்னைத்தான் பார்த்தான். “மச்சான்” என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

துப்பாக்கி இப்போது என்னிடம் இல்லை. உன் கடிதம் வந்த மறுநாளே அதே பையில் கொண்டுபோய் மதுரைத் துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். லைசென்ஸே வேண்டாம் என்று கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கி இல்லாதவனைப் பாங்கில் வைத்திருப்பார்களா? இப்போது மரக்கடையில் தடியோடு நிற்கிறேன்.

உன் தம்பி கேட்டபோது கொடுக்காததை நீ கேட்கும்போதும் கொடுக்கவில்லை. உன் அம்மாவுக்கு மிச்சம் இருக்கும் மகன் நீ ஒருவன்தான். லீவு கிடைத்தால் வா. கோபம் ஆறவில்லை என்றால், இப்போதைக்கு வராதே.

இப்படிக்கு,
உன் மச்சான்,
முத்திருளன்

விளாங்குடி,
மதுரை.
6.11.1983

அன்புள்ள மாப்பிள்ளை நல்லகாமனுக்கு,

போன வருஷம் நீ வரவில்லை. “லீவை ரத்து செய்துவிட்டேன்” என்று ஒரே வரி எழுதியிருந்தாய். நான் எழுதியதை உன் அக்காவிடமும் சொல்லவில்லை. இரண்டுக்கும் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேஸ் முடிந்தது. பேயாண்டிக்கு ஏழு வருஷம். திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆத்திரத்தில் நடந்தது என்று தீர்ப்பு. உன் அம்மா, “ஏழு வருசம் கழிச்சு அவன் வீடு திரும்பிருவான்ல?” என்று மட்டும் கேட்டார்.

சாட்சிக் கூண்டில் அவன் தரப்பு வக்கீல் என்னிடம், “கையில் துப்பாக்கி வைத்திருந்த பட்டாளத்துக்காரர், மச்சினனைக் காப்பாற்ற ஏன் அதை எடுக்கவில்லை? அடிதடி நீங்கள் சொல்கிற அளவுக்குப் பெரிதில்லை, அதுதானே?” என்று கேட்டார். நேரம் இல்லை என்று முன்பு சொன்னதையே சொல்லியிருக்கலாம். நம் வக்கீலும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். சங்கிலி சும்மா கூச்சல் போட்டான் என்று ஆகிவிடக் கூடாதே என்று நினைத்தேன். நேரம் இருந்தது, அவன் கேட்டான், நான்தான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்னக்கொடி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அப்ப நேரம் இருந்துச்சா?” என்றாள். “இருந்துச்சு” என்றேன். விளாங்குடி பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. எழுமலை பஸ்ஸில் தன் அம்மாவோடு ஏறிக்கொண்டாள். போய் இருபத்தாறு நாள் ஆகிறது. அவளுடைய துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். வாங்கி வைத்துக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தபோது சங்கிலியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

தை மாதம் லீவில் வருவதாக உன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாயாம். மதுரை ஸ்டேஷனில் இறங்கியதும் என்னைப் பார்க்க வர வேண்டாம். நேராக எழுமலைக்குப் போ. அன்னக்கொடிக்குக் காலை வேளையில் தலைசுற்றல் உண்டு. மாத்திரை போடுகிறாளா என்று பார். கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறாளா, சோறு சாப்பிடுகிறாளா என்று பார். என்னிடம் திரும்பிப் போகச் சொல்லி அவளிடம் ஒரு வார்த்தையும் பேசாதே. நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. அவளாக என்னைப் பற்றி ஏதாவது கேட்டால் மட்டும், அது எதுவாக இருந்தாலும், எனக்கு ஒரு கார்டு போடு.

நீ பத்திரமாக ஊர் வந்து சேர வேண்டும், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
முத்திருளன்