தாணு கல்லும் பக்கத்துக் கல்லும்

இன்று காலை வடசேரிச் சந்தையில் யாரோ தோவாளைப் பிச்சிப்பூப் பொதியை அவிழ்த்தார்கள். ஈர வாழையிலையும் பூவும் கலந்த மணம் வந்ததும் என் கண் உன்னைத்தான் தேடியது. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பது அப்புறம்தான் உறைத்தது.

நீ பூ விற்றாய். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பூ வாங்க வந்து உனக்குச் சிநேகிதியானவள். நம் ஊர் மலையாள ராஜ்யத்தைவிட்டுப் பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு இணைந்த அந்த ஐப்பசியில் தெருவெல்லாம் பட்டாசு. உன் வீடு மட்டும் அமைதியாக இருந்தது. இணைப்புக்காக ஊர்வலம் போன உன் அண்ணன் தாணு குண்டடி பட்டு இறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

சில நாளில் இளவட்டங்கள் கடப்பாரையோடு சந்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார்கள். சந்தையில் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் தாங்களே கட்டிய தொட்டி அது. அவர்கள் பெயர்களைச் சொல்லும் கல் மலையாள எழுத்தில் இருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் தாணுவுக்குக் கல் வைக்கப்போவதாக உன்னிடமே பெருமையாகச் சொன்னார்கள்.

நீ பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கல்லை மறித்து நின்றாய்.

“ஏலே, இதுல யாரு பேரு இருக்குன்னு தெரியுமா?”

“மலையாளத்துலல்லா இருக்கு, அக்கா!” என்றான் முன்னால் நின்றவன்.

“எழுத்துதான் மலையாளம். பேரெல்லாம் இந்தச் சந்தையில சுமடு தூக்குனவங்க பேரு. நம்ம பிள்ளைங்க தமிழ் படிக்கணும்னுல்லா எங்கண்ணன் செத்தான், அடுத்தவன் எழுத்தை உடைக்கவா செத்தான்? இதை எடுத்துட்டு அவன் பேரை வச்சா, நாளைக்கு அவன் பேரையும் ஒருத்தன் எடுப்பான். பக்கத்துல வைங்கலே. வாறவங்க ரெண்டையும் பாக்கட்டும்.”

தாணுவின் தங்கையை எதிர்த்து யார் பேசுவது? கடப்பாரை தாழ்ந்தது.

அதோடு நீ விடவில்லை. பழைய கல்லின் பெயர்களை, மலையாளம் படிக்கத் தெரிந்த என்னை வாசிக்கச் சொன்னாய். மயிலாடியிலிருந்து வந்த கொத்தர், புதுக் கல்லில் தாணுவின் பெயருக்குக் கீழே அத்தனை பெயர்களையும் தமிழில் கொத்தினார்.

கல்லைத் திறந்து வைத்தபோது நீ அழுவாய் என்று எல்லோரும் பார்த்தார்கள். நீ அழவில்லை. மறுநாள் தண்ணீர் எடுக்க வந்த ஒருத்தி, “ஏட்டி, தாணு கல்லுகிட்ட நில்லு, வாறேன்” என்று தோழியிடம் கூவினாள். அதைக் கேட்டதும்தான் உடைந்து அழுதாய்.

“டீச்சரே, எங்கண்ணன் பேரு இப்ப இடத்துப் பேராயிட்டு.”

தொட்டி இன்று இல்லை. கற்கள் இரண்டும் நகராட்சி போட்ட கம்பிவேலிக்குள் சேர்ந்தே நிற்கின்றன. உன் பெயர் எதிலும் இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் உன்னைப் பற்றிச் சொன்னேன். இன்று அந்தக் கற்களருகே என் பழைய மாணவன் ஒருவன் தன் மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தள்ளி நின்று கேட்டேன். உன் பெயரை அவன் சரியாகச் சொன்னான்.