மாப்பிள்ளைத் தொல்லை

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

கல்லூரியில் விலங்கியல் செய்முறைத் தேர்வு. புட்டியில் கிடக்கும் தவளையைப் பல்லி என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் சென்னையிலிருந்து பீமராவ் சார் போன். எங்கள் நதிக்கரைக் கூட்டமைப்பின் மாநிலத் தலைவர். கெட்ட செய்தி என்றால் முதலில் உடம்பை விசாரிப்பார். இன்று வெகுநேரம் விசாரித்தார்.

ஜீயபுரம் பக்கம் காவிரியில் படகுச் சவாரிப் பூங்கா கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. அந்த நாலு கிலோமீட்டர் ஆற்றைக் காப்பகமாக அறிவிக்கச் சொல்லி மாநில ஆற்றுயிர்க் குழுவிடம் நாங்கள் மனுப் போட்டிருக்கிறோம். மாவட்ட ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் முதல் மனுதாரர் நான். இப்போது கம்பெனி பதில் மனுவில் எங்கள் ஆய்வறிக்கையின் பதினேழாம் பக்கத்தையே இணைத்திருக்கிறதாம். நான் எழுதிய வரி: "நீர்நாய்: பேட்டி கண்ட 96 மீனவர்களில் ஒருவரும் பார்த்ததாகக் கூறவில்லை."

சட்டம் பாதுகாக்கிற விலங்கு ஒன்றாவது இருந்தால்தான் குழு காது கொடுக்கும். கொக்கையும் நாரையையும் வைத்து ஜெயிக்க முடியாது. விசாரணை மார்ச் 19.

"கீழே உங்க கையெழுத்தும்மா" என்றார். தெரியும் சார். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

12 பிப்ரவரி, புதன்

எரிச்சல். வகுப்பில் காரணமில்லாமல் கத்தினேன். ஒரு நீர்நாய்கூட இல்லை என்று 96 பேர் சொன்னால் நான் வேறு என்ன எழுதுவது?

16 பிப்ரவரி, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் ஜீயபுரம் போனேன். மேட்டூரில் தண்ணீர் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. ஆறு மணலாகி, ஆழமான மடுக்களில் மட்டும் தண்ணீர். மடுக்கரையில் அற்புதசாமி கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஆய்வில் பேட்டி கொடுத்தவர்களில் ஒருவர். வலையில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை.

"யாரு கிழிச்சா?"

"மாப்பிள்ளைதான். வேற யாரு."

அவருக்கு மூன்றும் பையன்கள். "உங்களுக்குப் பொண்ணே கிடையாதே" என்றேன். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். பின்னாலேயே போனேன். சாலையோர டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கூப்பிடாமலே வருவாரு. இருக்கிறதுல நல்ல மீனாப் பாத்துத் தின்னுவாரு. நாம ஒரு வார்த்தை சொல்லிட முடியுமா? அதான் மாப்பிள்ளை. துறையில நின்னு அவரு பேரைச் சொன்னா அன்னைக்கு வலை போச்சு டீச்சர். உங்க ஆளுங்க நாங்க தண்ணிக்குள்ள நிக்கும்போது வந்து, நீர்நாய் இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னுதானே சொல்லுவோம்."

"இங்க பேரைச் சொல்லலாமா?"

"இங்க என்ன. நீர்நாய். சொல்லிட்டேன் பாருங்க. ஏழு இருக்கு. குட்டி ரெண்டு."

துறையிலேயே கேளுங்கள், வலையோடு நிற்கும்போதே கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும் என்று தொண்டர்களுக்கு ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுத்தவள் நான்.

அங்கிருந்து நேரே ஸ்ரீரங்கம். அடையவளஞ்சான் தெரு மாடியில்தான் எங்கள் கிளை அலுவலகம். பீரோவைத் திறந்து 96 படிவங்களையும் தரையில் பரப்பினேன். கடைசியில் "இதர குறிப்புகள்" என்று ஒரு கட்டம். தொண்டர்கள் கேட்டதை அப்படியே எழுதியிருந்தார்கள். "மாப்பிள்ளைத் தொல்லை அதிகம்." "மாப்பிள்ளையால் வலை நஷ்டம்." "மாப்பிள்ளை குடும்பத்தோடு வருகிறார்." முப்பத்தெட்டுப் படிவங்களில்.

கணினியில் ஏற்றும்போது இவற்றையெல்லாம் நீக்கியவள் நானேதான். குடும்ப விவகாரம், ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்று. பெண்ணைக் கொடுத்துவிட்டு இத்தனை வீடுகள் அவதிப்படுகின்றனவே என்று வருத்தப்பட்டு, வரதட்சணைக் கொடுமை பற்றி அங்கே ஒரு கூட்டம் போடலாமா என்றுகூட யோசித்தேன். இருபது வருடம் விலங்கியல் பாடம் நடத்திய புத்திசாலி.

வீட்டில் சொன்னேன். இவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "நம்ம வீட்டு மாப்பிள்ளை காதுல விழாமப் பாத்துக்க ஜஹானா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

பீமராவ் சாருக்குத் தவற்றை ஒப்புக்கொள்வதில் விருப்பமில்லை. "தப்பு பண்ணிட்டோம்னு நாமளே சொன்னா மத்த ஆறு மாவட்ட வழக்கும் ஆட்டம் கண்டுடும்மா. புதுசா கணக்கெடுத்தோம், இப்ப இருக்குன்னு போடுங்க. பொய் இல்லையே."

பொய் இல்லை. ஆனால் இப்போதுதான் வந்தது என்றால், வந்த வழியே போய்விடும் என்பான் கம்பெனி வக்கீல். பல வருடமாக இருக்கிறது என்பதற்கு அந்த 38 படிவங்களும் மீனவர் வாயும்தான் சாட்சி. படிவங்களைக் காட்டினால் நான் நீக்கியதையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார்.

26 பிப்ரவரி, புதன்

மடுக்கரையில் வைத்த கேமராவில் நாலு நாளில் விழுந்தவை: ஒரு தெருநாய், இரண்டு பன்றி, அற்புதசாமியின் முழங்கால்.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. வெயிலோடு ஜீயபுரம் போய், சாட்சி சொல்ல வரமுடியுமா என்று அற்புதசாமியிடம் கேட்டேன். மற்றவர்களெல்லாம் சென்னை என்றதும் நழுவிவிட்டார்கள். இவர் ஒரு கேள்வி கேட்டார்.

"காப்பகம்னு போட்டா எங்க வலை என்ன ஆகும் டீச்சர்?"

"ஒன்னும் ஆகாது. நான் இருக்கேன்ல."

வருகிறேன் என்றார். வீட்டுக்கு வந்து எங்கள் மனுவை முதலிலிருந்து படித்தேன். மீனவர் உரிமை பற்றி ஒரு வரி இல்லை. நோன்பு வாயால் என்ன சொல்லிவிட்டு வந்தேன்?

4 மார்ச், செவ்வாய்

மனுவில் ஒரு வரி சேர்க்கலாமா என்று பீமராவ் சாரைக் கேட்டேன். இப்போது வேண்டாமாம். "இவங்க வலை போடலாம், நாங்க படகு விடக்கூடாதான்னு கேப்பாங்க. முதல்ல ஜெயிப்போம். அப்புறம் பாத்துக்கலாம்." கணக்கு சரிதான். நான் கொடுத்த வாக்குதான் அந்தக் கணக்கில் வரவில்லை.

14 மார்ச், வெள்ளி

சொல்லிடலாமா அற்புதசாமிகிட்ட, மனுவுல அவங்க வலையைப் பத்தி ஒன்னுமில்லைன்னு? சொன்னா வரமாட்டார். அவர் வரலைன்னா எல்லாம் போச்சு, ஆறு முழுக்க சிமெண்டுதான். சொல்லாம இருந்தா அதுக்குப் பேர் என்ன?

சொல்லல.

19 மார்ச், புதன்

சென்னை. காலை ரயிலில் நானும் அற்புதசாமியும் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணிக்கு விசாரணை.

கம்பெனி வக்கீல் படிவங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். "மாப்பிள்ளை என்றால் நீர்நாய் என்று எந்த அகராதியில் இருக்கிறது?" அறையே சிரித்தது. குழுவின் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. அறிக்கையில் இந்தக் குறிப்புகள் ஏன் இல்லை என்று என்னைக் கேட்டார்.

எழுந்து சொன்னேன். நான்தான் நீக்கினேன். எனக்குப் புரியவில்லை. புரியாததைச் சம்பந்தமில்லாதது என்று நினைத்துவிட்டேன். கேட்ட இடமும் தவறு. பீமராவ் சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அற்புதசாமி. இந்த அறையில் அந்தப் பெயரைச் சொல்வீர்களா என்று தலைவி கேட்டார். "சொல்லலாம்மா, இங்க தண்ணி இல்லையே" என்றார். அப்புறம் இருபது நிமிடம் பேசினார். எந்த மடுவில் குட்டி போடும், எந்தக் கோரைப் புதரில் படுக்கும், எந்த வருடம் எத்தனை, ஒருமுறை இவர் வலையில் குட்டி ஒன்று சிக்க, வலையை அறுத்து அதை இவர் வெளியே விட்டது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வக்கீல் பேனாவை மூடிவிட்டார்.

ரயிலிலேயே நோன்பு திறந்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்க வரவில்லை. அவர்தான் திறந்து கொடுத்தார்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகனை மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வரவில்லை. ஆணை இன்னும் வரவில்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

ஜெயித்துவிட்டோம். கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடி. நாலு கிலோமீட்டரும் காப்பகம். பீமராவ் சார் முதல்முறையாக உடம்பை விசாரிக்காமல் பேசினார். மற்ற மாவட்டத்துக்காரர்கள் மாற்றி மாற்றி வாழ்த்தினார்கள். நானும் ஒரு மணிநேரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சாப்பிட்ட பிறகு ஆணையை முழுதாகப் படித்தேன். நாலாம் பக்கம்: "வலைகளில் நீர்நாய்க் குட்டிகள் சிக்குவது சாட்சி அற்புதசாமியின் வாக்குமூலத்திலிருந்தே தெரியவருவதால், காப்பக எல்லைக்குள் வலை, தூண்டில், பரிசல் ஆகிய அனைத்தும் தடைசெய்யப்படுகின்றன."

என் வரியை வைத்து என்னை அடித்தார்கள் என்று பிப்ரவரியில் எப்படிப் புலம்பினேன்.

1 மே, வியாழன்

ஜீயபுரம் போகவில்லை. விடுமுறைதான். போகவில்லை.

4 மே, ஞாயிறு

போனேன். துறையில் அறிவிப்புப் பலகை நட்டிருக்கிறார்கள். அற்புதசாமி டீக்கடையில் இருந்தார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"எனக்கு முன்னாடியே பயம் இருந்தது" என்று ஆரம்பித்தேன். "மனுவுல உங்களுக்குன்னு ஒன்னுமே எழுதலை. தெரிஞ்சுதான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன்."

"அன்னைக்கு ரயில்லயே எனக்குத் தோணுச்சு. திருச்சி வர்ற வரைக்கும் நீங்க என் முகத்தைப் பாக்கவே இல்ல."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். டீயைக் குடித்து முடித்தார். ஆணையை மாற்றச் சொல்லி மனுப் போடலாமாமே என்று கேட்டார். போடலாம், அறுபது நாள் இருக்கிறது என்றேன்.

"வக்கீலுக்கெல்லாம் எங்ககிட்ட வசதி இல்ல. நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

8 மே, வியாழன்

பீமராவ் சாரிடம் சொன்னேன். கூட்டமைப்புக்கு எதிராகக் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்பாளரே மனு எழுதுவதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொறுப்பிலிருந்து விலகுவதாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதினோரு வருடம். ரெண்டு வரியில் முடிந்துவிட்டது.

11 மே, ஞாயிறு

ஜீயபுரம் டீக்கடை பெஞ்சில் வைத்து மனுவை எழுதினேன். இந்தமுறை ஒரு வார்த்தையையும் நீக்கவில்லை. புரியாத இடத்தில் கேட்டுக்கேட்டு எழுதினேன். எந்த மாதம் குட்டி இருக்கும், அப்போது எந்த மடுவை விட்டுவிடலாம், எந்த வலையில் சிக்காது என்று அவர்களே சொன்னார்கள். மனுதாரர்: அற்புதசாமி மற்றும் ஐம்பத்திரண்டு பேர். உரக்கப் படித்துக் காட்டினேன்.

எதிர்மனுதாரர் என்று ஓரிடம் காலியாக இருந்தது. அங்கே யார் என்று அற்புதசாமி கேட்டார். முதல் மனுவைப் போட்டவர் பெயர் வரவேண்டும், பொறுப்பை விட்டாலும் அது மாறாது என்றேன். எழுதினேன்: ஜஹானாரா, க/பெ அப்துல் சுக்கூர், பாலக்கரை, திருச்சி.

"விலாசத்தை முழுசாப் போடுங்க டீச்சர்" என்றார். "நோட்டீஸ் உங்க கைக்கு வந்து சேரணும்ல."

கதவு எண்ணையும் பின்கோடையும் எழுதினேன்.