திசைகாட்டி தடுமாறும் கடல்

என்னவருக்கு,

காந்த வடதுருவத்தை நெருங்கும்போது திசைகாட்டி முள்ளைப் பூமி கீழ்நோக்கி இழுப்பதால், அது திசை தெரியாமல் தடுமாறுகிறது என்று கப்பலிலிருந்து மின்னஞ்சலில் எழுதியிருந்தீர்கள்.

அதை ஆஸ்பத்திரியில் எதிர்வீட்டுப் பொன்னம்மாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "முள்ளே தடுமாறிகினு கீதுன்னா, உன் ஊட்டுக்காரரு எப்டிமா ஊடு வந்து சேருவாரு?" என்று பதறினார். வழிகாட்ட சாட்டிலைட் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். மார்பில் சின்னக் கட்டி, திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். கணவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அக்காதான் போட்டார். முன்பே சொல்லி நடுக்கடலில் உங்களைத் தவிக்கவிட மனம் வரவில்லை.

அயனம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது. நம் வீட்டுப் பால்கனியில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும். அன்று கூப்பிடுங்கள். நான் எடுக்காவிட்டாலும் விடாமல் கூப்பிடுங்கள்.

உங்கள் மனைவி